பாரூர் ஏரியை வற்றவைத்தது

கார்த்திகையில் எடுத்த காட்சி.
பாரூர் ஏரி கோடி போய்க்கொண்டிருந்தது.
கதைப்படி அது மூன்றாம் வருடப் பஞ்சம்.

சென்னையிலிருந்து இயக்குநர் போனில் சொன்னார்:
"தருமபுரிப் பக்கம்னு பாத்ததும் தெரியணும்."
இது கிருஷ்ணகிரி சார், என்றேன்.
"ரெண்டும் ஒண்ணுதாம்மா, மஞ்சள் ஏத்துங்க."

காவேரிப்பட்டணத்தில் என் ஸ்டுடியோவுக்குக் கீழே
மாங்கூழ் டின் ஏற்றும் லாரிகள் நிற்கும்.
அவர் கேட்டது அந்த மஞ்சள் இல்லை.
தாகத்துக்கென்று ஒரு மஞ்சள் இருக்கிறது,
எங்கள் ஊர் வந்தாலே அதைத்தான் பூசுகிறார்கள்.

பச்சையை மட்டும் தனியே பிடித்தேன்.
வட்டத்தில் ஒரு நகக்கண் நகர்த்தினேன்,
கேழ்வரகு காய்ந்தது.
இன்னும் கொஞ்சம்.
புங்கமரம் துருப்பிடித்தது.
ஏரிக்குத்தான் மூன்று ராத்திரி ஆனது.
வானத்தை விடாமல் பிடித்து வைத்திருந்தது தண்ணீர்.
நீலத்தை எடுத்தால் சாம்பல்,
சாம்பலைச் சூடாக்கினால் சேறு.
நடுவில் ஒரு கொக்கு.
அது வெள்ளையாகவே இருக்கட்டும் என்று
சுற்றிலும் மாஸ்க் வரைந்து
பிரேம் பிரேமாகக் கூடவே நடந்தேன்.
காலையில் குறிப்பு வந்தது:
கொக்கையும் அழுக்காக்கவும்.

ட்ரெய்லர் வந்த மறுநாள்
மாதையன் சித்தப்பா மாடியேறி வந்தார்.
ஆறு நாள் வாடகைக்கு விட்டது அவர் கொல்லை.
"பதினெட்டு மூட்டை அடிச்சேன் இதுல.
சொசைட்டியில கடன் கேட்டா,
ஒன் நெலத்தத்தான் சினிமாவுல பாத்தனேய்யாங்கிறாரு செகரட்டரி."

தொடாத ஷாட்டைப் போட்டுக் காட்டினேன்.
கேமரா தருவது எப்போதும் ஒரு மங்கல்,
திருநீறு பூசித் துடைத்த மாதிரி.
"இதுவும் என்னுது இல்லயே" என்றார்.

உட்காரச் சொன்னேன்.
அவர் சொல்லச் சொல்லத் திருப்பினேன்.
"கதிர் வாங்குன நேரம், இவ்வளவு பச்சை இருக்காது. கொறை.
வரப்புல அருகம்புல், அது வேற பச்சை.
மண்ணு செவப்பு. இன்னும்.
ஆ, நிறுத்து."
இருவரும் பேசாமல் பார்த்தோம். அன்றைய கார்த்திகை.

பிறகு தொண்டையைச் செருமினார்.
"இப்ப கொஞ்சம் பச்சை கூட்டு."
இவ்வளவு இல்லையே சித்தப்பா.
"செகரட்டரிக்குத்தானே."
கூட்டினேன். இன்னும் என்றார். கூட்டினேன்.
கொல்லை, கல்யாண மண்டப வாசல் வாழைபோல் நின்றது.
அவர் நம்பருக்கு அனுப்பிவிட்டேன்.

இறங்கி வந்தோம்.
கூழ் லாரியின் வெள்ளைத் தார்ப்பாய்
இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.
நெடுநேரம் பச்சையில் கிடந்த கண் அப்படித்தான்,
கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று
நான் சொல்லவில்லை.
"நல்லா இருக்குதில்ல" என்றார்,
அதையே பார்த்துக்கொண்டு.