களிமண் கோடு

மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.
பிளேடின் நுனியில் இருக்கும் தூள்
உப்புப்பரலை விடச் சிறிது.
தும்மினால் பன்னிரண்டு ஆண்டு போய்விடும்
என்று முதல் நாளே இபாஹுன் எச்சரித்திருந்தாள்.
போன வாரம் தும்மினேன்.
எந்த அரசன் காலத்து மழையோ,
ஈரத்துணியால் மேசையிலிருந்து துடைத்துப் போட்டோம்.

யஷ்வந்தபுரம் தாண்டி
லாரி ஷெட்டுகளுக்குப் பின்னால் எங்கள் ஆய்வுக்கூடம்.
ஏசி இருபத்திரண்டில் நிற்கும்,
எங்களுக்காக அல்ல, எந்திரத்துக்காக.
மேசையில் நாற்பத்தொரு சென்டிமீட்டர் கல்,
நெடுக்காக அறுத்து மெருகிட்டு,
பிளந்த வாழைத்தண்டு போல.
மேகாலயக் குகையொன்றின் தரையில்
தானாக ஒடிந்து கிடந்ததைத்தான் எடுத்தோம் என்று
அனுமதித் தாளில் இரண்டு கையெழுத்து.
சால்வையில் சுற்றி, மடியில் வைத்து
ரயிலில் கொண்டுவந்தாள் இபாஹுன்.
சாமியா என்று கேட்டாராம் டிக்கெட் பரிசோதகர்.
கல் என்றாளாம்.
அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

கணக்கு எளிது என்பார்கள்.
பெருமழைக் காலத்துச் சொட்டில் கனத்த ஆக்சிஜன் குறையும்,
பொய்த்த காலத்தில் கூடும்.
தூளை அமிலத்தில் விட்டால் ஒரு குமிழி.
எந்திரம் அதை எடைபோடும்,
எடைபோட்டதைப் பின்குழாய் வழியே விட்டுவிடும்.
மூவாயிரம் ஆண்டு கல்லுக்குள் அடைபட்டிருந்தது
டீசல் புகையோடு சேர்ந்து தும்கூர் ரோட்டில் போகிறது.
அதற்கு யாரும் படிவம் நிரப்புவதில்லை.

பதினேழாவது சென்டிமீட்டரில் ஒரு பழுப்புக் கோடு.
களிமண்.
கோட்டுக்குக் கீழே ஒரு மழை, மேலே ஒரு மழை,
நடுவில்
யுரேனியம் தோரியமாகும் கணக்குப்படி
நூற்றெண்பது ஆண்டு.
கூடக்குறைய இருபத்து மூன்று.
அந்தக் கூடக்குறையவுக்குள்ளேயே
ஒருத்தி பிறந்து, வளர்ந்து,
வெறுங்குடத்தோடு திரும்பி நடந்திருக்கலாம்.
தூறலை எழுதும், வெள்ளத்தை எழுதும்;
சொட்டு நின்றால் கல் எழுதுவதில்லை.
எல்லாவற்றிலும் பெரிய வறட்சிக்கு
அது ஒதுக்கிய இடம் ஒரு தலைமுடி.
வறட்சியே அல்லாமலும் இருக்கலாம்,
சொட்டு அந்தப்பக்கம் நகர்ந்திருக்கலாம் என்கிறார்
எங்கள் பேராசிரியை.
இருக்கலாம்.

நேற்று வரைபடம் போட்டபோது
மென்பொருள் இரண்டு முனைகளையும்
நேர்கோட்டால் இணைத்துவிட்டது.
பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது.
இபாஹுன் அந்தக் கோட்டை மட்டும் தொட்டு அழித்தாள்.
அங்கே நமக்கு ஒன்றும் தெரியாது என்றாள்.

வீடு ஹெப்பாளில்.
அடுக்ககத்தின் கீழ்த்தள வண்டி நிறுத்தத்தில்
உத்தரத்தின் விரிசலிலிருந்து
ஸ்ட்ரா கனத்தில் ஒரு வெள்ளைக் குழல் தொங்கும்.
மேலே தோட்டத் தொட்டிகளின் கசிவு.
கான்கிரீட்டின் சுண்ணாம்பு அவசரக்காரச் சுண்ணாம்பு,
குகை நூறாண்டு எடுத்துக்கொள்வதை
ஒரு வருஷத்தில் முடித்துவிடும்.
தேஷ்பாண்டேயின் காரில் சொட்டி
பெயின்ட் பொரிந்ததென்று சங்கத்தில் மூன்று புகார்.
காவலாளி தில்பகதூர்
துடைப்பக் கட்டையால் தட்டிவிடுவார்.
மறுபடி வரும்.

மார்ச் முதல் வாரம் போர்வெல் கைவிட்டது.
ஆயிரத்து இருநூறு அடிக்குப் போய்த் தூசி கக்கியது.
செடிகளுக்குத் தண்ணீர் கூடாதென்று
லிப்டுக்குள் நோட்டீஸ்.
டேங்கர் இரண்டு நாளைக்கு ஒருமுறை,
அதுவும் நஞ்சுண்டப்பா மனது வைத்தால்.

இன்றிரவு கீழே இறங்கி
போன் வெளிச்சத்தைக் குழலின் நுனியில் பிடித்தேன்.
எப்போதும் நிற்கும் அந்தத் துளி இல்லை.
தொட்டதும் விரலில் வெள்ளை ஒட்டியது.
கழுவாத கார்மேல் தூசி,
தூசியில் எந்த வீட்டுப் பிள்ளையோ வரைந்த மீன்.

கட்டையோடு வந்தார் தில்பகதூர்.
இப்போதுதான் சொட்டவில்லையே, இருக்கட்டும் என்றேன்.
குழலைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
வாசலில் ஹார்ன் கேட்டது.
கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு
டேங்கருக்குக் கதவு திறக்க ஓடினார்.