பதினேழு மணி நேரம்

லெர்விக்கில் ஜனவரி.
இங்கே காலை ஏழு மணி என்பதும் இரவுதான்.
சால்மன் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிவிட்டு
சட்டைக்கையில் செதிலோடு வீடு திரும்பி
முதல் வேலையாக ஹீட்டர்மேல் கை வைக்கிறேன்.
நான் அடுக்கிய மீன்களே தேவலாம்.

இரவில் மலிவு மின்சாரத்தைத் தின்று
பகலெல்லாம் மெல்ல அசைபோட வேண்டிய பிராணி.
வயிறு நிறையச் செங்கல்.
தலையில் இரண்டு குமிழ்,
வாங்குவதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று.
இரண்டையும் ஆறுவரை திருகினேன்,
கடன்காரனிடம் குரலை உயர்த்துவதுபோல.
அசையவில்லை.

சனிக்கிழமை காலை மெயினை அணைத்து
டெஸ்டரை இருமுறை வைத்துப் பார்த்து
முன்தகட்டைக் கழற்றினேன்.
நான்கு திருகாணியில் ஒன்று
எவனோ கோபத்தில் முறுக்கித் தலை மழுங்கியது;
அது மட்டும் முக்கால் மணி நேரம் தின்றது.
உள்ளே சாம்பல் நிறத் தூசி,
பழைய பேருந்துச் சீட்டு ஒன்று.
சூடு மீறினால் துண்டிக்கும் பொத்தான்
துண்டிக்கவில்லை.
சுருளில் மல்டிமீட்டரை வைத்தேன்,
முள் துள்ளியது, உயிர் இருக்கிறது.
ஃபியூஸும் நல்லது.
எல்லாம் நல்லது என்ற
மருத்துவ அறிக்கையோடு
ஜில்லென்று கிடந்தது.

பக்கத்து வீட்டு ஓஸ்லா இங்க்ஸ்டர்
ஸ்க்ரூடிரைவர் சத்தம் கேட்டு வந்தாள்.
"பழுதா? உன் ஹீட்டரா?
எங்கள் பிர்ரியைக் கேள்.
ராத்திரி முழுக்க உன் சுவரில்
வயிற்றை ஒட்டிக்கொண்டு தூங்குகிறது.
எழுப்பினால் கடிக்கிறது."

பூனையை நம்பி
அன்று வேலைக்கு விடுப்பு சொன்னேன்.
தகட்டை மாட்டி, மெயினைப் போட்டு
கோட்டைக் கழற்றாமல் அதன் எதிரே உட்கார்ந்தேன்.

ஐந்து மணி. வழக்கமாக நான் கதவைப் பூட்டும் நேரம்.
ஐந்தேகால்.
ஐந்தரைக்கு மீட்டர் அலமாரிக்குள்
டக்.
அப்புறம் தகரம் முனகத் தொடங்கியது.

டிசம்பர் புயலில் கம்பங்கள் சாய்ந்து
பதினேழு மணி நேரம் ஊரே இருட்டு.
அலமாரியில் இருக்கும் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது.
எங்களுக்கு அந்தப் பொழுது நடந்தது:
படிக்கட்டில் ஓஸ்லா, நான், ஒரு மெழுகுவத்தி,
ஒரே கரண்டியில் ஒரு டின் பீச் பழம்.
அதற்கு நடக்கவேயில்லை.
நின்ற இடத்திலிருந்து எழுந்து
நள்ளிரவு பன்னிரண்டரை என்று சத்தியமாக நம்பி
மாலை ஐந்தரைக்கு வேலையில் ஏறுகிறது,
நான் இறங்கிப் போன அரை மணியில்.
நான் ஆறில் வைத்த குமிழ் வழியே
விடிய விடிய
நாற்காலிக்கும் சுவருக்கும்
வாரி இறைத்துவிட்டு
ஏழு மணிக்கு வெறுங்கையோடு என்னை வரவேற்கிறது.

இருவருமே இரவு ஷிஃப்ட்.
யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

கடிகாரத்தில் ஈய முத்திரை, தொடக்கூடாது.
செவ்வாயன்று கம்பெனியிலிருந்து
டவீனா மான்க்ரீஃப் வந்தார்,
முத்திரையை வெட்டினார்,
வட்டைச் சுட்டுவிரலால் தள்ளினார்
முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக.
மெழுகுவத்தி, பீச் பழம், எல்லாம்
மூன்று விநாடியில் அதற்கும் கடந்து போயின.
கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

புதன் காலை.
கையை வைத்தேன், எடுத்தேன். அப்படியொரு சூடு.
காலுறையைக் கழற்றி மேலே போட்டேன்.

வியாழன் மாலை, கதவைப் பூட்டும்போது
ஓஸ்லா வாசலில் நிற்கிறாள்,
இடுப்பில் பிர்ரி, முகம் உம்மென்று.
"உன் ஹீட்டர் கெட்டுப்போச்சு போல.
கொஞ்சம் பாரேன்."