பென்சில் குறிப்பு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
அடகுக்கடையில் பத்தொன்பது வருடமாகப் பேரேடு எழுதுகிறேன்.
பெயர், எடை, தொகை, வட்டி, எல்லாம் பேனாவில்.
எதற்காக என்பதை மட்டும்
ஓரத்தில் பென்சிலால், சின்னதாக.
முதலாளி கேட்கச் சொன்னதில்லை.
கம்மலைக் கழற்றும்போது
யாரிடமாவது சொல்லவேண்டியிருக்கிறது அவர்களுக்கு.

'ப' என்றால் பள்ளிக்கூடம்.
'வ' என்றால் வலை, வாடகை, வண்டி;
வ-வில்தான் எப்போதும் குழப்பம்.
'ஆ' ஆஸ்பத்திரி.
பழைய பேரேடுகளைத் திறந்தால்
ஆ ஆ ஆ என்று
ஓரம் முழுக்க யாரோ வாய்விட்டு அழுவதுபோல இருக்கும்.

கெடு தாண்டிய நகையை
மூழ்கிவிட்டது என்போம்.
காசிமேட்டுக்காரர்களிடம் அதைச் சொல்ல
எனக்கு நாக்கு கூசும்.

ஒரு புரட்டாசியில் தேசம்மாள் வந்தாள்.
வீட்டுக்காரனுக்கு இதயத்தில் வால்வு கெட்டிருந்தது,
ஐஸ் உடைக்கிற ஆள், எல்லப்பன்.
தராசில் நாலரைப் பவுன்.
நான் 'ஆ' போட்டும் விட்டேன்.
நாத்தனார்க்காரி வேர்க்க வேர்க்க ஓடிவந்து
"எடு, எடு, அத்த எடு மொதல்ல,
கார்டுலயே ஆவுதாம்" என்றாள்.

அழித்தேன்.
மங்கலாக இன்னும் தாளில் தெரிகிறது.

எல்லாம் கார்டில் ஆகிவிடவில்லை.
வெளியே எடுத்த ஸ்கேனுக்கு அவள் மோதிரம் வந்தது.
பட்டியலில் இல்லாத நோய்களுக்கு
இன்னும் யார் யாரோ வருகிறார்கள்.
போன வாரம்கூட ஒரு குழந்தைக் கொலுசு.

ஆனால் அந்த நாலரைப் பவுன்
நாலரைப் பவுனாகவே வீட்டில் கிடந்து,
ஆறு வருடம் கழித்து வந்தது. 'ப'.
மகளுக்கு பாலிடெக்னிக். பதினான்கு மாதத்தில் மீட்டார்கள்.
மறுபடி வந்தது. 'வ'.
பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதால்
எல்லப்பனுக்கு ஒரு மீன்பாடி வண்டி.
மீட்க அவனே வந்தான்.
மேல் பொத்தான் போடாத சட்டைக்குள்
கணக்கு முடித்து நான் இழுக்கும் கோடுபோல
நேராக ஒரு தழும்பு.
சில்லறையை இரண்டு முறை எண்ணினான்.

"ஆஸ்பத்திரி கேஸே கொறஞ்சி போச்சே" என்கிறார் முதலாளி,
மழை பொய்த்ததைச் சொல்வதுபோல.
நானும் ஆமாம் என்று தலையாட்டிவைக்கிறேன்.

எங்கள் வீட்டு நகையும் இந்தக் கடையில்தான் மூழ்கியது,
என் தம்பிக்காக. அவனும் தங்கவில்லை.
எனக்கு முன்னால் எழுதியவருக்கு
ஓரத்தில் எழுதும் பழக்கம் கிடையாது.
பரணில் ஏறி அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன்.
அம்மா பெயர் இருந்தது, எடை இருந்தது.

பென்சிலைச் சீவிக்கொண்டு
நானே எழுதிவைத்தேன்:
ஆ.