எட்டரை மணிக் குடும்பம்

அந்த வீட்டு அப்பன் அலமாரிக்குள் குடியேறி
இது நாலாவது வாரம்.
பெண்டாட்டி கதவிடுக்கில் ரொட்டி செருகுகிறாள்.
மகள் வாடகை ரசீது நீட்டுகிறாள்.
ஒருவரும் அழுவதில்லை, பின்னால் வயலின் இல்லை,
கடைசியில் ஒருவரும் திருந்துவதுமில்லை.

அதுதான் எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

பொகவந்தலாவையில் மழை பிடித்தால்
டிஷ் கண்ணை மூடிக்கொள்ளும்.
நடுச்சுவர் கூரையைத் தொடாத லயம்.
அடுத்த காம்பராச் சிரிப்பு
எங்கள் சிரிப்புக்கு ஒரு நொடி முன்னால் வரும்;
அவர்கள் பெட்டி புதுசு.
சிரிக்கத் தயாராகி உட்கார்ந்திருப்போம்.

தோட்டை அடகு வைத்த நாளிலிருந்து
அம்மா அப்பாவோடு பேசுவதில்லை.
"சோறு இருக்குனு சொல்லு" என்பாள் என்னிடம்,
அவர் ஒரு முழம் தள்ளி இருக்க.
கொழும்பிலிருந்து கிரிதரன் அண்ணன்
காசுக்குப் பதில் குரல்பதிவு அனுப்புவான்.
எங்களை எடுத்தால் நாடகம் ஓடாது.
இடையில் சிரிக்க இடமே விடமாட்டோம்.

நேற்று, அலமாரி திறக்கப்போன நேரம்,
கரண்ட் போனது.
லயம் முழுக்க ஒரே "ச்சே".
இருட்டில் அம்மா, அந்தப் பெண்டாட்டி குரலிலேயே:
"உள்ளதான் இருக்கீங்களா, இல்ல செத்துட்டீங்களா?"
கொஞ்சம் பொறுத்து அப்பா:
"வாடகை கட்டிட்டேன்."

சுவருக்கு அந்தப் பக்கமும் சிரித்தார்கள்,
இந்த முறை எங்களுக்குப் பிறகு.

கரண்ட் வந்ததும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
தோடு இன்னும் அட்டன் அடகுக் கடையில்தான்,
சீட்டின்படி பதினோரு நாள் மிச்சம்.
அலமாரி திறந்ததா என்று
லயத்தில் ஒருவருக்கும் தெரியாது.