எங்கும் போகாத வண்டி

மூன்று மணிக்கு விளக்கு போனது.
யானா ஆற்றங்கரை டீசல் நிலையம்
ஒருமுறை இருமி அடங்கிவிட்டது.
வெளியே சுழியத்துக்கு ஐம்பத்திரண்டு கீழே.
விட்ட மூச்சு உறைந்து
உமிபோல் சலசலத்து உதிர்கிற குளிர்.

கண்ணாடிப் பெட்டியில் பச்சை எண்கள் அணைந்தன.
பிறந்து பதினோரு மணி நேரம், இன்னும் பெயரில்லை.
"ஐத்தலீனாவின் மகள்" என்று
அட்டையில் எழுதியது நான்தான்.

அவளைத் தூக்கி அம்மாவின் வெறும் மார்பில் ஒட்டவைத்தேன்.
மேலே முயல்தோல் போர்வை,
அதன்மேல் என் கோட்டு.
ஐத்தலீனா வெடவெடத்தாள்.
என் பற்கள் தந்தியடித்தன.
அவள் மட்டும் நடுங்கவில்லை.

நடுங்கத் தெரியாது அவளுக்கு.
தோள்பட்டைகளுக்கு நடுவே விரல் வைத்தேன்.
சுட்டது.

அங்கே கொஞ்சம் பழுப்புக் கொழுப்பு,
ஒரு கைப்பிடிகூட வராது.
இரும்பேறிய பழுப்பு; செல்லுக்குள் செருகிச் செருகி
மைட்டோகாண்ட்ரியா.

மற்ற இடங்களில் அவை கறாரான கணக்குப்பிள்ளைகள்.
எலக்ட்ரானைக் கைமாற்றிக் கைமாற்றி
கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைத்து நீராக்கும்;
அந்த இறக்கத்தின் விசையில்
புரோட்டான்களை அணைக்குப் பின்னே தேக்கி
ஒற்றை மதகைத் திறந்து
சுழலியைச் சுற்றவைத்து
ஏடிபியாக எண்ணி அடுக்கும்.
இமைக்க, உறிஞ்ச, விரல் மடக்க
எல்லாம் அந்தக் காசில்தான்.

இங்கோ அணையில் வேண்டுமென்றே ஓர் ஓட்டை.
தேக்கியதெல்லாம் சுழலியைத் தொடாமல் வழிகிறது.
காசில்லை, வேலையில்லை.
வெறும் சூடு.

நர்சிங் தேர்வில்
இதற்கு "வீண்" என்று எழுதி
மதிப்பெண் இழந்தவள் நான்.

பனி அப்பிய ஜன்னலுக்கு அப்பால்
எர்க்கானின் லாரி உறுமிக்கொண்டிருந்தது.
நேற்று மாலை அவளைக் கொண்டுவந்து இறக்கியவன்
எஞ்சினை அணைக்கவே இல்லை.
அணைத்தால் எண்ணெய் கல்லாகிவிடும்,
பிறகு ஏப்ரலில்தான் கிளம்பும்.
முன்னிரவில் இறங்கிப்போய்த் திட்டியிருந்தேன்:
புகை வார்டுக்குள்ள வருது.
எங்கயும் போகாத வண்டிக்கு இவ்வளவு டீசலா?
அவன் சிரித்தான், புருவமெல்லாம் பனி.
"போறதுக்கு இல்ல, சஸ்கிலானா.
உறையாம இருக்க."

அவள் முதுகில் எரிகிற அத்தனை அடுப்பும்
அம்மா வழி வந்தவை,
அப்பனுடையது ஒன்றுகூட இல்லை.
இதை எர்க்கானிடம் சொல்லப்போவதில்லை.
அவன் பங்குக்கு வெளியே ஒன்று
ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.

ஐந்தேகாலுக்கு விளக்கு வந்தது.
வெப்பமானியில் முப்பத்தாறு புள்ளி நான்கு.
பெட்டியைத் துடைத்துத் திரும்பினால்
அவள் வாய் அதற்குள் மார்பைத் தேடத் தொடங்கியிருந்தது,
முரட்டுத்தனமாக, மூக்கை நசுக்கிக்கொண்டு.

எரித்த கொழுப்புக்கு
யாராவது கொடுத்துத்தானே ஆக வேண்டும்.