பத்து மதிப்பெண்

மீனாட்சிபுரம் பால் சோதனைச் சாவடி.
இரவு ஒன்றே முக்கால்.
லாக்டோமீட்டருக்கும் அமிலப் புட்டிக்கும் நடுவே
தபால்வழி எம்.ஏ. ஆங்கிலம்.

‘கவிஞரின் வாழ்க்கைத் தத்துவத்தை விளக்குக.’
கைடு ஆறு தலைப்பு தருகிறது.
ஒன்று, எல்லாம் வீண்.
இரண்டு, எல்லோரும் தனி.
மீதி நாலும் இதையே
வேறு வார்த்தையில்.

மனப்பாடம் செய்யும்போதுதான் உறுத்தியது:
எல்லாம் வீண் என்ற அந்த மனிதன்
இருபது வரியில் ஓர் இயைபைக்கூட
நழுவ விடவில்லையே,
யாருக்காக?

ஹாரன்.
பொள்ளாச்சி டேங்கர்.
குழாயில் சாராயம் விட்டுக் குலுக்கினேன்,
திப்பி திப்பியாய்த் திரிந்தது.
“கூலர் மத்தியானமே போயிருச்சுங்க”
ஆறுக்குட்டி ஜன்னல் கம்பியிடம் சொன்னார்.
பன்னிரண்டாயிரம் லிட்டர்.
திருப்பி அனுப்பும் சீட்டில்
மலையாள முத்திரை,
கீழே என் தமிழ்க் கையெழுத்து.

அவர் வழக்காடவில்லை.
மேலே ஏறி மூடியை அழுத்தினார்,
திருகினார், டார்ச் அடித்துப் பார்த்தார்.
இறங்கிப் பீடியைப் பற்றவைத்தவர்
என்ன தோன்றியதோ
பாதிப் பீடியை மிதித்துவிட்டு
மறுபடி ஏறினார்.

“எப்படியும் கொட்டப்போற பால்தானே?”
“அதுக்காக,
ரோடெல்லாம் சிந்திட்டுப் போகலாமுங்களா?”

ரிவர்ஸ் விளக்கு
புளியமரத்தில் கொஞ்சநேரம் நின்று போனது.

கைடு ஓரத்தில் பென்சிலால்
ஏழு என்று போட்டேன்.
எதிரே எழுத
ஒன்றும் வரவில்லை.
குழாயைக் கழுவினேன்.
முகர்ந்து பார்த்துவிட்டு
இன்னொருமுறை.