ஏழாம் இலக்கம்

கொட்டேசன் மூன்றும் மேசையில் கிடக்கின்றன,
பாரத்துக்கு மேலே ஒரு பழைய மௌஸ்.
காற்று அப்படி. சாம்பல்தீவில்
தாள் மட்டுமல்ல, இரும்பும் நிற்காது.
போன வருடம் மாற்றிய ஜன்னல் கொளுவி
இந்த வருடம் விரலில் துருவாய் வருகிறது.
கணினி அறைக்குக் கண்ணாடி போட்டோம்.
உப்பு கண்ணாடியைச் சுற்றி வந்தது.

பன்னிரண்டு பெட்டிகள். ஏழு எழும்பும்.
எழும்பும் என்றால்,
நான் இடாப்புக் கூப்பிட்டு,
வராதவர்கள் ஏன் வரவில்லை என்று விசாரித்து,
திவ்வியனை வாசலில் நிறுத்தி, பிறகு உள்ளே விட்டு,
பலகையில் திகதி எழுதி முடிக்கிறபோதும்
திரையில் அந்த வட்டம்
சுற்றிக்கொண்டேயிருக்கும்.
பதினொரு நிமிடம். மணிக்கூடு வைத்துப் பார்த்தேன்.
பாடவேளை நாற்பது.
ஒரு பெட்டிக்கு நாலு பிள்ளைகள்.
மிச்சத்தை நாலால் பிரி:
ஆளுக்கு ஏழு நிமிடமும் கொஞ்சமும்.
கோசிகா தன் பெயரைத் தமிழில் அடிக்கப் பார்ப்பாள்.
'கோ'வுக்குக் கொம்பு தேடி முடிய
மணி அடிக்கும்.

"இப்பவே எடுங்கோ மிஸ், டொலர் ஏறப்போகுது"
என்கிறார் மத்திய வீதி ரிஸ்மி.
அவர் கடையில் டொலர் எப்போதும் ஏறப்போகிறது.
"வலயத்திலயிருந்து வரும், பொறுப்பம்" என்கிறார் அதிபர்.
வந்தது,
இருப்பில் உள்ளவற்றைக் கணக்கெடுக்கும் படிவம்.
அதுவும் மின்னஞ்சலில்.
திறக்க எனக்குப் பதினொரு நிமிடம்.

சங்கப் பொருளாளர் சந்திரமோகன்,
ஐஸ்கட்டி வியாபாரம், கணக்கில் கெட்டி, கேட்டார்:
"டீச்சர், வள்ளத்து எஞ்சினை எப்ப மாத்துறம்?
சத்தம் மாறினால் இல்ல.
எண்ணெய்க் காசு மீன் காசைத் தாண்டினால்."
இதில் மீன் எது என்று
எனக்கு உடனே சொல்ல வரவில்லை.

வீட்டிலும் இதே வழக்கு.
மகளின் மடிக்கணினி பிணைச்சல் உடைந்து
சுவரில் சாய்ந்தால்தான் விரியும்.
உயர்தரம் முடிய வாங்குவோம் என்றோம்.
பெறுபேறு வர என்றோம்.
வந்தது. வெட்டுப்புள்ளி வர என்றோம்.
சீட்டுக் கார்த்திகையில் என்கிறார் இவர்.
அபிசாயினி ஒன்றும் கேட்பதில்லை.
விசிறிக்கு முன் அதைத் தூக்கிப் பிடித்து
சூடு ஆறும்வரை நிற்கிறாள்.

சனிக்கிழமை அறையைத் திறந்தோம்,
நானும் பத்தாம் ஆண்டில் நாலு பேரும்.
எழும்பாத ஐந்தையும் கழற்றினோம்.
ஒன்றில் எறும்பு. ஒன்றில் பல்லி முட்டை இரண்டு,
மதர்போட்டின் பச்சையில் வெள்ளையாய்
ஏதோ உதிரிப்பாகம்போல.
திவ்வியன், அந்த வாசல்காரன்,
ஏழாம் இலக்கத்தின் ராமைப் பிடுங்கி
அதன் பொன்னிறப் பல்லைப்
பென்சில் அழிறப்பரால் தேய்தேய் என்று தேய்த்தான்.
அழிறப்பர் கறுத்தது.
திரும்பக் குத்தினான்.
இரண்டு வருடம் செத்துக் கிடந்தது
ஒரேயொரு 'பீப்' சொன்னது.
யாரும் கை தட்டவில்லை.
எனக்குக் கோபம்தான் வந்தது.
இரண்டு வருடம்!
ஒரு அழிறப்பர்!

கணக்கு மாறியது.
புதுசு மூன்றின் காசுக்கு
எட்டுக்கும் எஸ்எஸ்டி, கூடுதல் நினைவகம்,
மிச்சத்துக்கு ஒரு பிரிண்டர் மை.
சந்திரமோகன் ரெஜிபோம் மூடியில் எழுதிக் கூட்டினார்,
இரண்டு முறை, சரி வந்தது.
புதிய விண்டோஸ் இவற்றில் ஏறாது என்பதையும் சொன்னேன்.
"அப்ப தள்ளிப்போடுறம், அவ்வளவுதான்" என்றார்.
அவ்வளவுதான். பல்லி முட்டைப் பெட்டியை
அறிக்கையில் 'பழுதுபார்ப்பில்' என்று எழுதினேன்.

திங்கட்கிழமை ஏழாம் இலக்கம்
இடாப்பில் மூன்றாம் பெயருக்குள் எழும்பிவிட்டது.
பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை,
இவ்வளவு நேரத்தை.

அன்றிரவு மகளுக்கும் மணிக்கூடு பார்த்தேன்.
விசிறிக்கு முன்னால் பதினாலு நிமிடம்.
"கழிவு போனாலும் சீட்டை இந்த மாதமே கூறுங்கோ" என்றேன்.
"பள்ளிக்கூடத்துக்குத் தேய்ச்சுப் போட்டால் காணும்,
வீட்டுக்கு மட்டும் புதுசோ?"
நியாயமான கேள்வி.
பதிலுக்கு நான் வாய் திறக்க
மின்சாரம் போனது.
விசிறி மெல்ல மெல்ல நின்றது.
அவள் கையை இறக்கவில்லை.